மன்ரோவின் ஊரில் நாலு நாள்

1

இந்த வருடம் பெப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நான் ஒரு மனிதனின் மண்டையைப் பிளக்கப் பார்த்தேன். ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில் அது நடந்தது. ஊரில் இருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும், நீங்கள் போய்ச் சேர்ந்தது சண்டை சச்சரவில்லாத நாடு, கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் எழுதுகிறார்கள். நாட்டில் பிழையில்லை. நான் கொண்டுவந்து சேர்த்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் மனைவியும் மகளும் எழுதச் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. நான் பனி அள்ளும் இரும்புச் சவளால் வெட்டிக் காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வயது மகள் தர்சினி முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் இருக்கும் வெள்ளைக்காரன் ஒருவன் வந்தான். காலையிலேயே குடித்திருந்தான். நான் எறிந்த பனி தன் காரில் விழுந்ததாம். முதலில் திட்டினான், பிறகு நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான், பிறகு என் ஜக்கெற்றில் துப்பினான். இதெல்லாம் எங்களுக்குப் புதிதல்ல. பஸ்ஸில் துப்பியிருக்கிறார்கள், தொழிற்சாலை வாசலில் போத்தலால் எறிந்திருக்கிறார்கள். துடைத்துக்கொண்டு போவதுதான் வழக்கம்.

அன்றைக்கு அவன் இன்னொரு தரம் தள்ளப் பாய்ந்தபோது பனிக்கட்டியில் வழுக்கி மல்லாக்காக விழுந்தான். விழுந்தவன் எழும்பவில்லை. அவனுடைய முகம் என் காலடியில் இருந்தது. நான் சவளைத் தலைக்கு மேலே தூக்கினேன். கோபத்தில் தூக்கினேன் என்று சொல்லமாட்டேன். எனக்குள் எல்லாம் அமைதியாக இருந்தது. எங்கே அடிக்க வேண்டும் என்று என் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

"எப்பா! மாத்தயா, எப்பா!"

கத்தியது தர்சினி. அது சிங்களம். வேண்டாம் ஐயா என்று அர்த்தம். கொழும்பை விட்டு வந்த பிறகு அவள் வாயில் இருந்து ஒரு சிங்களச் சொல் வந்ததில்லை. தமிழே பாதி தேய்ந்துபோயிருந்தது. என் கையில் இருந்து சவள் நழுவி விழுந்தது. கீழே கிடந்தவன் உருண்டு எழுந்து, பொலிசைக் கூப்பிடுவேன் என்று கத்தியபடி ஓடினான். கூப்பிடவில்லை.

நான் அவனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மூன்று சொற்களையும் அதே ஒழுங்கில் ஒரு மனிதன் என்னிடம் சொல்லியிருக்கிறான். அவன் கடைசியாகச் சொன்ன சொற்கள் அவை. அந்த நேரம் அங்கே வேறு யாரும் இல்லை என்றுதான் ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

கொழும்பில் நான் துறைமுக வேலைகள் செய்யும் ஒரு கொம்பனியில் கிளாக்கராக இருந்தேன். அங்கே பெரிய இஞ்சினியர் மிஸ்டர் மன்ரோ. ஸ்கொட்லாந்துக்காரர், மனைவியை இழந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிறு தவறாமல் கோல்ஃப் விளையாடப் போவார். தன்னுடைய ஊர் கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர் என்றும், அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகுமுன்பே கோல்ஃப் தடியைப் பிடித்துவிடுவார்கள் என்றும் சொல்லிச் சிரிப்பார்.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் வெள்ளவத்தை வீட்டை எரித்தார்கள். என் தம்பி சிவாவை வீதிக்கு இழுத்துக்கொண்டு போய் அடித்தார்கள். நான் பின்வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம், மகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். அடித்தது இரும்புக் கம்பிகளால். ஒவ்வொரு அடிக்கும் தம்பி "அண்ணை, அண்ணை" என்று கத்தினான். நான் போகவில்லை. போயிருந்தால் நாங்கள் எல்லோரும் செத்திருப்போம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவன் கத்துவது நின்றது. அடிக்கிற சத்தம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

அன்று பின்னேரம் மன்ரோ தன் வான் வண்டியில் எங்களைத் தேடி வந்தார். என்னையும், மனைவி சறோவையும், தர்சினியையும் பின்னால் படுக்கவைத்து, மேலே படுக்கை விரிப்புகளையும் தன் கோல்ஃப் பையையும் போட்டு மூடித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த வீட்டுக்கும் வந்தார்கள். மன்ரோ எங்களைச் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த களஞ்சிய அறைக்குள் விட்டுச் சாத்திவிட்டு முன்வாசல் கேற்றடிக்குப் போனார். அவர் அங்கே உரத்த குரலில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் பின்மதிலால் குதித்துச் சமையலறைக்குள் வந்துவிட்டான். சத்தம் கேட்டு மன்ரோ ஓடி வந்தார். வழியில் இருந்த கோல்ஃப் பையில் இருந்து ஓர் இரும்புத் தடியை உருவிக்கொண்டு வந்தார். கதவின் இடுக்கால் நான் பார்த்தேன். வந்தவன் கையில் நீளமான கத்தி. மன்ரோ வீசிய அடி அவனுடைய காதுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் சரிந்தான். கத்தி அடுப்புக்குக் கீழே போய்விட்டது. அந்த நேரம் கேற்றை உலுப்பும் சத்தம் கேட்கவே, மன்ரோ தடியைப் போட்டுவிட்டுத் திரும்பவும் முன்பக்கம் ஓடினார்.

அவர் அடித்தார், அவன் செத்தான். ரொறன்ரோவில் நான் எல்லோருக்கும் சொன்ன கதை அவ்வளவுதான்.

ஆனால் அவன் சாகவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அவன் சுவரில் சாய்ந்து இருக்க முயன்றுகொண்டிருந்தான். காதால் இரத்தம் வடிந்தது. அவனை எனக்குத் தெரியும். பெயர் சிறிபால. எங்கள் தெரு முடக்கில் இருந்த பேக்கரியில் வேலை செய்தவன். எத்தனையோ நாள் எனக்குச் சுடச்சுடப் பாண் எடுத்துத் தந்திருக்கிறான். அவனும் என்னை அடையாளம் கண்டான். நான் தடியை எடுத்தபோது ஒரு கையை முகத்துக்கு முன்னால் தூக்கினான்.

"எப்பா! மாத்தயா, எப்பா!" என்றான்.

முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. விரல்கள் உடைவது கேட்டது. அதன் பிறகு தலையில் அடித்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. தம்பியை அடித்த கூட்டத்தில் அவன் நின்றானா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. நிறுத்தியபோது தடி வளைந்துபோயிருந்தது. மன்ரோ போட்ட இடத்திலேயே அதைப் போட்டேன். களஞ்சிய அறைக்குள் சறோ மூலையில் தலையில் சீலையைப் போர்த்திக்கொண்டு, காதைப் பொத்தித் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மகள் அந்தச் சீலைக்குள் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

கேற்றடியில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மன்ரோ உள்ளே வந்தார். முழங்காலில் இருந்து அவனுடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தடியைப் பார்த்தார்.

"நான் இவனைக் கொன்றுவிட்டேன், நாதன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுந்து போய் வாந்தி எடுத்தார். பொழுதுபட்டதும் தானே தூக்கிக்கொண்டு போய் ரயில் பாதையோரம் போட்டுவிட்டு வந்தார். உதவப் போனேன், விடவில்லை. "இது என்னுடைய வேலை" என்றார். அந்தக் கிழமை அந்தப் பாதையோரம் கிடந்த உடல்களை யாரும் எண்ணவில்லை, விசாரிக்கவும் இல்லை.

3

ஒரு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். நாங்கள் அடுத்த வருடம் கனடாவுக்கு வந்தோம். ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்து பிறந்தநாள் வாழ்த்தோடு, அவரிடம் இருந்து கடிதம் வரும். காலநிலை, தோட்டம், கடல் எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் அந்த மனிதனைப் பற்றி இன்னும் நினைப்பதாக எழுதுவார். கோல்ஃபை விட்டுவிட்டதாகவும் எழுதினார். நீங்கள் எங்கள் உயிரைக் காப்பாற்றினீர்கள், கடவுள் அதைக் குற்றமாக எடுக்கமாட்டார் என்று நான் பதில் எழுதுவேன். ஐந்து வருடத்தில் ஐந்து பதில்கள்.

இந்த ஏப்ரலில் நத்தார் இல்லாத நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. கொழும்புப் பொலிசுக்கு எழுதப்போகிறாராம். வீடு, நாள், நடந்தது எல்லாவற்றையும் எழுதி ஒப்புக்கொள்ளப் போகிறாராம். "அனுப்புமுன் நீ வாசிக்க வேண்டும். நீ அங்கே இருந்தாய். முடிந்தால் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா."

சறோ வாசித்துவிட்டு அழுதாள். "போட்டு வாங்கோ. அந்த மனிசனுக்கு நேரிலை சொல்லுங்கோ, அவர் செய்தது பாவமில்லை எண்டு. எனக்கு நேர்சிங் ஹோமிலை லீவு தரமாட்டாங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் போனது அவருக்கு ஆறுதல் சொல்ல அல்ல. எங்கள் கனடாக் குடியுரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. இலையுதிர் காலத்தில் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் கொழும்புக்குப் போய், அங்கே யாராவது என் பெயரைத் தேடத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவரை மறிக்கத்தான் போனேன்.

ஸ்கொட்லாந்து போக விசா எடுக்கப் போன இடத்தில் ஒரு கூத்து நடந்தது. யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், நான் பார்க்கப் போகிறவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். கோல்ஃப் திடலுக்குப் பக்கத்தில் என்று சொல்ல வெளிக்கிட்டேன். என் வாயில் அது கல்ஃப் என்று வந்துவிட்டது. வளைகுடாவில் எந்த நாடு, அங்கே இவருக்கு என்ன வேலை, உமக்கும் இவருக்கும் எப்படித் தொடர்பு என்று கேள்விக்கு மேல் கேள்வி. வளைகுடாவில் சண்டை நடக்கும் காலம். நான் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவருடைய புருவம் உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் தர்சினி முன்னால் வந்து ஒரு சொல்லில் திருத்தினாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போய் நின்றாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். எங்கள் மாடியிலேயே இருக்கும் குலம் அண்ணைக்குத் தன் பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லாவிட்டால் பொழுது போகாது. "சொல்வழி கேக்கிறாங்களில்லை, வாய்க்கு வாய் கதைக்கிறாங்கள். உன்ரை பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை இந்த ஸ்காபரோவிலை இல்லை, நாதன்" என்பார். உண்மைதான். ரீவியை நிப்பாட்டு என்றால் அந்தக் கணமே நிற்கும். நான் அறைக்குள் வந்தால் அவள் எழுந்துவிடுவாள். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பெப்ரவரிக்குப் பிறகு எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நீ என்ன கண்டாய் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். கேட்கவில்லை.

4

ஜூலைக் கடைசியில் போனோம். எடின்பரோவில் இருந்து சின்ன ரயில். மன்ரோ ஸ்டேசனுக்கு வந்திருந்தார். கொழும்பில் மரக்குற்றி போல நின்ற மனிதர், கோட்டுக்குள் ஒடுங்கிப்போயிருந்தார். தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

ஊர் என்று சொன்னால் ஒரே ஒரு நீண்ட தெரு. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல்வீடுகள், தங்குவிடுதிகள், பொரித்த மீன் கடை, ஐஸ்கிறீம் கடை, கோல்ஃப் தடி திருத்துகிற கடை. தெரு முடிகிற இடத்தில் கோல்ஃப் புல்வெளி தொடங்குகிறது. புல்வெளி முடிந்தால் மணல்மேடுகள், அதற்கு அங்கால் கடல். அந்தக் கடல் எங்கள் ஊர்க் கடல் போல அல்ல. கோடை என்று பெயர்தான், கரிய தண்ணீர் கற்பாறையில் மோதி வெடித்துக்கொண்டிருந்தது. காற்று மணலை அள்ளி முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றிலும் சனங்கள் துணித்தடுப்புகளைக் குத்திவிட்டு அதற்குப் பின்னால் நீச்சலுடையோடு படுத்திருந்தார்கள். பிள்ளைகள் நீலம் பாரித்த உதடுகளோடு தண்ணீருக்குள் ஓடினார்கள். கடற்பறவைகள் கையில் இருக்கும் சாப்பாட்டைக் கொத்திப் பறித்தன. ஒரு சின்னப் பெண்ணின் விரலில் இருந்து இரத்தம் வந்ததைக் கண்டேன்.

மன்ரோவின் வீடு திடலை ஒட்டியே இருந்தது. வாசலில் நாங்கள் பெட்டியை இறக்கும்போது யாரோ முதல் பந்தை அடித்தார்கள். டக் என்று ஒரு சத்தம். நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் மன்ரோவின் தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன. தர்சினி கண்களை இறுக மூடியிருந்தாள். பக்கத்தில் போனவர்கள் "நல்ல அடி!" என்று கத்திக் கை தட்டினார்கள். அந்த ஊரிலேயே அந்தச் சத்தத்துக்கு நடுங்கியவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

திடலைப் பார்த்த யன்னல்களை மன்ரோ திறப்பதில்லை. ஏன் விளையாடுவதில்லை என்று அயலவர்கள் கேட்டால் தோளில் வருத்தம் என்று சொல்லிவிடுவாராம்.

அன்று பின்னேரமே கடிதத்தைத் தந்தார். தட்டச்சில் இரண்டு பக்கம். தடியால் தலையில் பல தடவை அடித்துக் கொன்றேன் என்று எழுதியிருந்தார். நான் வாசித்துவிட்டு, ஆயத்தப்படுத்தி வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் கத்தியோடு வந்தான், இது தற்பாதுகாப்பு, கொழும்பில் இதை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள், வீணாக உங்களுக்குத்தான் தொல்லை.

"அவர்களுக்காக நான் எழுதவில்லை" என்றார்.

பிறகு மெதுவாக என்னுடைய குடியுரிமையைப் பற்றிச் சொன்னேன். அவர் கடிதத்தைத் திருப்பி வாங்கினார். "உன் பெயரை எடுத்துவிடுகிறேன், நாதன். உன்னை நான் இதற்குள் இழுக்கமாட்டேன்."

அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

மூன்றாம் நாள் காலை கடல் வற்றியிருந்தது. மூவரும் ஈர மணலில் நடந்தோம். மன்ரோ நடுவில், நான் ஒரு பக்கம், தர்சினி ஒரு பக்கம். பாறைகள் தொடங்குகிற இடத்தில் அவர் நின்றார்.

"உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்" என்றார். "எனக்கு ஓர் அடிதான் ஞாபகம் இருக்கிறது. ஒரே ஓர் அடி. ஆனால் நான் திரும்பி வந்தபோது அந்த மனிதனுக்கு முகம் இருக்கவில்லை. மற்ற அடிகளை எப்போது அடித்தேன் என்று ஐந்து வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. எனக்குள் இன்னொருவன் இருக்கிறான் என்று நினைக்கிறேன். அவன் வெளியே வந்து செய்துவிட்டுப் போய்விட்டான். திரும்பவும் வருவானோ என்று பயம். அக்காவின் பேரப்பிள்ளைகளைக்கூட நான் வீட்டில் தங்க விடுவதில்லை. நீ கதவுக்குப் பின்னால் இருந்தாய். நான் எத்தனை தரம் அடித்தேன்?"

காற்றில் அவருடைய கண்களில் நீர் கோத்திருந்தது. நான் கடலைப் பார்த்தேன்.

"சரியாகத் தெரியாது சேர்" என்றேன். "மூன்றோ நான்கோ இருக்கும்."

"ஒரு தரம்."

தர்சினிதான். ஆங்கிலத்தில் சொன்னாள். "நீங்கள் ஒரு தரம்தான் அடித்தீர்கள், மிஸ்டர் மன்ரோ. அவர் விழுந்தார். நீங்கள் கேற்றுக்குப் போனீர்கள். அவர் எழும்பி இருந்தார். கதைத்தார். பிறகு அப்பா அடித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா ஒன்பது தரம் அடித்தார். நான் எண்ணினேன்."

நான் எண்ணாததை, அன்றைக்கு ஒன்பது வயதாக இருந்த என் மகள் எண்ணியிருக்கிறாள்.

மன்ரோ என் பக்கம் திரும்பினார். அவருடைய முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. "உண்மையா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன், தமிழில். பிறகு தலையை ஆட்டினேன்.

அவர் கையை மடக்கி என் முகத்தில் குத்தினார். அறுபத்தெட்டு வயது மனிதரின் குத்து என்று நினைக்கக்கூடாது. என் மூக்குக்குள் ஏதோ முறிந்தது. மணலில் விழுந்தேன். எழும்ப முயன்றபோது இன்னொன்று, காதோடு. என் இரத்தம் ஈர மணலில் சொட்டுச் சொட்டாக விழுந்து பரவியது. அவர் என் கோட்டைப் பிடித்து உலுப்பினார். "ஐந்து வருடம்! ஐந்து வருடம்!" என்று கத்தினார். வேறு ஒரு சொல்லும் அவருக்கு வரவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. தூக்கக்கூடாது என்று தீர்மானித்துத்தான் தூக்கவில்லை, ஏனென்றால் என் வலது கைக்குப் பக்கத்தில் நல்ல பாரமான ஒரு கல் கிடந்தது. அதைக் கண்டிருந்தேன். தர்சினியும் அதைக் கண்டிருந்தாள். அவள் காலால் அந்தக் கல்லை எட்டித் தள்ளினாள்.

நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி ஓடி வந்து, பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டார். மன்ரோ மூச்சிரைத்தபடி நிமிர்ந்தார்.

"வேண்டாம்" என்றார். "இவர் என்னுடைய விருந்தாளி."

அதைச் சொல்லிவிட்டு என்னை விட்டுக் கடலை நோக்கி நடந்தார். சப்பாத்தோடு, கோட்டோடு, முழங்கால் வரை தண்ணீருக்குள் இறங்கினார். அலை ஒன்று அடித்து அவரை ஆட்டியது. தர்சினி ஓடிப்போய் அவருடைய கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பி அவளுடைய தோளில் தலையை வைத்து அழுதார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மணலில் இருந்து அதைப் பார்த்தேன். என் மகள் என்னிடம் வரவில்லை. அவரைக் கரைக்குக் கூட்டி வந்து, கல்லில் இருத்தி, சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் தன்னுடைய கழுத்துத் துணியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

6

அன்று பின்னேரம் மன்ரோ மீன் பொரித்து மூன்று தட்டுகளில் வைத்தார். சாப்பிட்டோம்.

அடுத்த நாள் ஸ்டேசனில் அந்த இரண்டு பக்கக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "இது என்னுடையது இல்லை. முதல் அடி என்னுடையது, அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். மிச்சம் உன்னுடையது." நான் அதை வாங்கியதும், "நீ அடித்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடியும், நாதன். உன் தம்பிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நேற்று நீ மூன்றோ நான்கோ என்று சொன்னாய் பார், அதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை" என்றார்.

தர்சினிக்குக் கை கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

ரயிலில் அவள் எனக்கு முன்னால் இருந்தாள். என் மூக்கு வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது.

"பிள்ளை, என்னோடை கோவமே?" என்று கேட்டேன்.

"கோவமில்லை அப்பா. ஐ வோஸ் ஸ்கேர்ட். எப்பவும்."

"நான் உனக்கு ஒருநாளும் அடிச்சதில்லையே, அம்மா."

"ஓம். ஒருநாளும் அடிக்கேல்லை." அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அதுதான் பயம். எப்ப எண்டு தெரியாது."

மற்றவர்களின் பிள்ளைகளைக் கனடா கொண்டுபோய்விட்டது என்று நாங்கள் கூடும் இடமெல்லாம் கதைக்கிறோம். என்னுடைய பிள்ளையைக் கனடா கொண்டுபோகவில்லை. நான் அவளைக் கொழும்பில் ஒரு சமையலறையிலேயே இழந்துவிட்டேன். எடின்பரோ வரும்வரைக்கும் நான் அழுதேன். அவள் மறிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு தரம் எழுந்து போய்த் தேத்தண்ணி வாங்கி வந்து வைத்தாள்.

7

வீட்டுக்கு வந்து சறோவுக்குச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் பேக்கரிப் பெடியனுக்குப் பெஞ்சாதி பிள்ளையள் இருந்ததோ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பேக்கரியின் பழைய விலாசத்துக்கு எழுதினேன். கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. கொழும்புக்குப் போகிறவர்களிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் வரவில்லை.

குடியுரிமைக்குக் கூப்பிட்டார்கள். எந்த நீதிமன்றத்திலாவது குற்றவாளியாகக் காணப்பட்டீரா என்று ஒரு கேள்வி. இல்லை என்றேன். அது பொய்யில்லை. அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் அந்தக் கேள்வியிலேயே இருந்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்கும்வரைக்கும் அடுத்தது என் காதில் விழவில்லை. மன்ரோவின் இரண்டு பக்கமும் என்னிடம் இருக்கிறது. அதில் பெயரை மாற்றி என் பெயரைப் போட்டு அனுப்ப எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேனோ என்று சறோ கேட்டாள். இருக்கலாம்.

செப்ரெம்பரில் மன்ரோவிடம் இருந்து ஒரு தபாலட்டை வந்தது, தர்சினியின் பெயருக்கு. திரும்பவும் கோல்ஃப் பாதி ஆட்டம் விளையாடியதாகவும் மிகவும் மோசமாக விளையாடியதாகவும் எழுதியிருந்தார். அக்காவின் பேரப்பிள்ளைகள் இரண்டு கிழமை வந்து நின்றார்களாம். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குலம் அண்ணை வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தர்சினி வந்து, மிசிசாகாவில் சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாள், போக வேண்டும் என்றாள். நான் பழக்கத்தில், தலையை நிமிர்த்தாமலே, "தேவையில்லை" என்றேன். அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஏன்?"

"சொன்னால் கேள், பிள்ளை."

"நோ! ஏன் எண்டு சொல்லுங்கோ! யூ கான்ட் ஜஸ்ட் சே நோ, அப்பா! எப்ப பாத்தாலும் தேவையில்லை, தேவையில்லை. நான் என்ன உங்கடை வேலைக்காரியே?" அவள் கத்தியது கொரிடோர் முழுக்கக் கேட்டிருக்கும். கையில் இருந்த புத்தகத்தைச் சோபாவில் எறிந்தாள். எனக்கு முன்னால் வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, "ஐ ஹேட் யூ!" என்று கத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். சுவரில் இருந்த கலண்டர் கீழே விழுந்தது.

சறோ அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். குலம் அண்ணையின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"உவளுக்கு என்ன நடந்தது, நாதன்? உவளுமோ?" என்றார்.

என் இரண்டு கைகளும் மேசையில் இருந்தன. நான் எழுந்து போய் அவளுடைய கதவைத் தட்டினேன். "ஆரோடை போறாய், எத்தினை மணிக்கு வருவாய், அதைச் சொல்லு. பிறகு கதைப்பம்."

"கோ அவே!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

நான் திரும்பி வந்து இருந்தேன். குலம் அண்ணை ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. என் மகள் என்னோடு சண்டை பிடித்திருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று, கண்ணை மூடாமல், பின்னால் ஓர் அடி வைக்காமல்.

"சிரிக்கிறியோடாப்பா?" என்று கேட்டார் குலம் அண்ணை.

நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். சறோ பக்கத்தில் வந்து நின்றாள்.